வீட்டு மாடியில் சோலார் அமைக்க யாரை நம்புவது?

கும்பகோணத்துக்கு அருகே சொந்த வீடு, இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டை ஒட்டிய பயன்பாடு, மாடியில் 3 கிலோவாட் சோலார் போடும் முடிவு, கையில் மூன்று விலைப்பட்டியல்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். விளம்பரம் பார்த்துக் கூப்பிட்ட சென்னை நிறுவனம் 1,62,000 ரூபாய். உள்ளூரில் ஆறு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவரும் எலக்ட்ரிக்கல் கடைக்காரர் 1,95,000 ரூபாய். பெரிய நிறுவனம் ஒன்றின் அங்கீகரிக்கப்பட்ட டீலர் 2,28,000 ரூபாய். இவர்களில் யார் நல்ல கம்பெனி என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில், "வேலை முடிந்த பிறகு கூப்பிட்டால் வருவார்களா என்பதுதான் பயம்" என்று எழுதிவிட்டீர்கள். என் கணக்கில் அதுதான் கேள்வி. பேனல் போட்டு மின்சாரம் வரவைப்பது இன்று பெரிய வித்தை அல்ல. ஓரளவு பழகிய குழு இரண்டு நாளில் முடித்துவிடும். நான்காம் ஆண்டு ஐப்பசி மழையில், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரியும்போது யார் மாடி ஏறுவார் என்பதை இன்றைக்கே எப்படிக் கணிப்பது என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள் என எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் மின் பொறியாளர். முதல் ஆறு ஆண்டுகள் திருச்சியில் ஒரு சோலார் நிறுவனத்தின் நிறுவும் குழுவில் இருந்தேன். அதன் பிறகு இப்போது வரை, மற்றவர்கள் போட்டுவிட்டுப் போன அமைப்புகளைச் சோதித்துப் பழுது பார்ப்பதே என் பிழைப்பு. புதிதாக எதையும் விற்பதில்லை. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், என் பார்வையில் ஒரு சாய்வு உண்டு. கைவிடப்பட்டவர்கள்தான் என்னைக் கூப்பிடுவார்கள். ஒழுங்காகச் சர்வீஸ் கிடைக்கிறவர்களுக்கு என் எண்ணே தேவைப்படாது. ஆகவே நான் சொல்வதைப் படித்துவிட்டு இந்தத் துறையே மோசம் என்று நினைத்துவிட வேண்டாம். பேட்டரியோடு சேர்ந்த அமைப்புகளில் என் அனுபவம் குறைவு என்பதால், நீங்கள் போடப்போகும், இபி இணைப்போடு சேர்ந்து ஓடும் ஆன்கிரிட் வகையைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

ஐயத்துக்கு இடமில்லாத விஷயங்களிலிருந்து தொடங்குகிறேன். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய். அதைப் பெற, திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனம்தான் வேலையைச் செய்திருக்க வேண்டும்; பேனல்களில் வெயிலை மின்சாரமாக்கும் செல்லும் பேனலும் இந்தியாவிலேயே தயாரானவையாக, அதாவது வழக்கில் டிசிஆர் என்று சொல்லப்படும் வகையாக இருக்க வேண்டும். வேலை முடிந்து இயக்கத்துக்கு வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பராமரிப்பது அந்த நிறுவனத்தின் கடமை. ஆகவே "ஒரு வருட ஃப்ரீ சர்வீஸ் தருகிறோம்" என்று யாராவது சலுகை போலச் சொன்னால், உங்களுக்கு ஏற்கெனவே உரிய ஐந்தில் நான்கைக் கழித்துவிட்டு ஒன்றைத் தானம் செய்கிறார் என்று பொருள். உங்களிடம் வந்த மூவரின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். விலைப்பட்டியலில் ஒரு பெயரும் பட்டியலில் வேறொரு பெயரும் இருந்தால், பதிவு இல்லாத ஒருவர் இன்னொருவரின் பதிவை வாடகைக்கு எடுத்து வேலை செய்கிறார் என்பதே பெரும்பாலும் காரணம். ஐந்து ஆண்டுப் பொறுப்பு அப்போது காகிதத்தில் ஒருவருடையதாகவும், நடைமுறையில் யாருடையதும் இல்லாததாகவும் ஆகிவிடும். பதிவு இருப்பதாலேயே ஒருவர் நல்லவராகிவிட மாட்டார். அது வாசற்படி, அவ்வளவுதான்.

அடுத்து, விலைப்பட்டியலில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவு எந்தத் தேதியில் தொடங்கியது, கணக்கு ஒழுங்காகத் தாக்கல் ஆகிறதா என்ற இரண்டும் பணம் கட்டாமலேயே தெரியும். பத்து ஆண்டு அனுபவம் என்று பலகை வைத்தவரின் ஜிஎஸ்டி பதிவு பதினான்கு மாதம் முந்தையதாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது மோசடியாக இருக்க வேண்டும் என்பதில்லை. கூட்டு பிரிந்து புதுப் பெயரில் தொடங்கியிருக்கலாம். ஆனால் பழைய பெயரில் வாங்கியவர்களுக்கு இப்போது யார் சர்வீஸ் செய்கிறார் என்று கேட்கும் உரிமை அந்தத் தேதியால் உங்களுக்குக் கிடைக்கிறது. கையோடு வரியையும் சரிபாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பொருள்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பொருளும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்தில் 70 பங்கைப் பொருளாகவும் 30 பங்கைச் சேவையாகவும் கொண்டு கணக்கிடுவதால், மொத்தத்தில் 13.8 சதவீதமாக இருந்தது 8.9 சதவீதமாகிறது. இன்னமும் பழைய விகிதத்தில் பட்டியல் கொடுப்பவர், ஒன்று கவனமில்லாதவர், இல்லையென்றால் நீங்கள் கவனிக்க மாட்டீர்கள் என்று நினைப்பவர்.

"25 வருட வாரன்டி" என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். உங்கள் மாடியில் மூன்று தனித்தனி வாக்குறுதிகள் இருக்கும். பேனல் தயாரிப்பாளர், பேனலில் உற்பத்திக் குறை வந்தால் பொதுவாக 10 அல்லது 12 ஆண்டுகளுக்கும், உற்பத்தித் திறன் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாது என்று 25 ஆண்டுகளுக்கும் உறுதி தருகிறார். இன்வெர்ட்டர் தயாரிப்பாளரின் உறுதி 5 முதல் 10 ஆண்டுகள். மூன்றாவது, பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டம், வயரிங், இணைப்பான், எர்த் எல்லாவற்றையும் கையால் செய்தவரின் வேலைக்கான உறுதி. நான் போய்ப் பார்க்கும் பழுதுகளில் பெரும்பகுதி இந்த மூன்றாவதில்தான் வருகிறது. விலைப்பட்டியல்களில் பெரும்பாலும் ஒரு வரிகூட இல்லாததும் இதற்குத்தான். 25 ஆண்டுத் திறன் உறுதியைப் பொறுத்தவரை, வீட்டுக்காரர் ஒருவர் அதைக் கோரிப் பெறுவது மிகக் கடினம் என்பதே என் கருத்து. பேனலின் திறன், செல்லின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும் நிலையிலும் சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியிலும் அளக்கப்படுவது. சித்திரை வெயிலில் நம் மாடிப் பேனலின் செல் 60 டிகிரியைத் தாண்டியிருக்கும். ஐந்து சதவீதக் குறைவு பேனலால் வந்ததா, தூசியால் வந்ததா என்று மாடியில் நின்று நிரூபிக்க எளிய வழி இல்லை. ஆகவே அந்த எண்ணைப் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எல்லாரும் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் கொடுப்பார்கள்.

"டயர் 1 பேனல்" என்ற சொல்லும் அப்படியே. புளூம்பெர்க் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு வெளியிடும் பட்டியல் அது. வங்கிகள் எந்தத் தயாரிப்பாளரின் பேனலை நம்பிப் பெரிய திட்டங்களுக்குக் கடன் கொடுத்திருக்கின்றன என்பதை வைத்துத் தொகுக்கப்படுவது. பேனலின் தரத்தைச் சோதித்துக் கொடுத்த மதிப்பெண் அல்ல. கூகுள் மதிப்பீடுகளில் நட்சத்திரத்தை விடத் தேதியைப் பாருங்கள். சோலாருக்கு விழும் ஐந்து நட்சத்திரங்கள் பெரும்பாலும் நிறுவிய வாரத்திலேயே, ஊழியர் பக்கத்தில் நிற்கும்போது போடப்படுகின்றன. ஒரு நட்சத்திரங்களில் எரிச்சலில் எழுதியவை இருந்தாலும், "இரண்டு வருடம் நன்றாக இருந்தது, அதன் பிறகு" என்று தொடங்கும் பதிவு ஒன்று இருந்தால் அதை இரண்டு முறை படியுங்கள். நிறுவனத்தின் வயதும் அரைகுறையான அளவுகோல்தான். ஆறு ஆண்டு தாக்குப்பிடித்தவர் ஏழாம் ஆண்டும் இருப்பார் என்ற நிகழ்தகவு கூடுகிறது, அதற்கு மேல் எதையும் அது சொல்வதில்லை.

ஒரு மாடியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரத்தநாட்டுப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் 5 கிலோவாட், பத்துப் பேனல், ஐந்தைந்தாக இரண்டு ஸ்ட்ரிங், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்த இரண்டு வரிசைகள். ஒரு முறை கரன்ட் பில் கூடியபோது ஏசியைக் கூடுதலாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். அடுத்த பில்லும் கூடிய பிறகு நிறுவனத்துக்குப் போன் செய்தால், எண் உபயோகத்தில் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது நல்ல வெயில், பேனல்கள் சுத்தம், இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு. மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்ததும் ஒரு ஸ்ட்ரிங்கில் ஏழு ஆம்பியர், மற்றதில் சுழியம். கீழ் வரிசை மூன்றாவது பேனலுக்கு அடியில், மழைநீர் தேங்கும் இடத்தில் தரையோடு கிடந்த ஒரு இணைப்பான் கரிந்து உருகிப் போயிருந்தது. ஆண் முனை ஒரு தயாரிப்பு, பெண் முனை வேறொரு தயாரிப்பு. பார்க்க ஒன்றுபோல் இருக்கும், அழுத்தினால் சேரும், ஆனால் உள்ளே உலோகங்கள் முழுமையாகக் கவ்வாமல் நாளாக ஆகச் சூடேறும். நூறு ரூபாய் அளவிலான பொருள், கால் மணி நேர வேலை. அதற்குள் நான்கு மாதம் நாளொன்றுக்குப் பத்து யூனிட் வீதம் ஏறக்குறைய 1,200 யூனிட் போயிருந்தது.

அந்த வேலையில் என்னைச் சோர்வடைய வைத்தது இணைப்பான் அல்ல, கைபேசிச் செயலி. உற்பத்தி பாதியாகக் குறைந்த அன்றைக்கே செயலியில் தெரிந்திருக்கும். ஆனால் நிறுவிய ஊழியர் தன் சொந்த மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கி, ஆசிரியரின் போனில் அதையே திறந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். போனை மாற்றியபோது கடவுச்சொல் கேட்டது, யாருக்கும் தெரியவில்லை. இன்வெர்ட்டர் தயாரிப்பாளருக்கு பில் நகலையும் வரிசை எண்ணின் படத்தையும் அனுப்பிக் கணக்கை அவர் பெயருக்கு மாற்ற பதினொரு நாள் ஆயிற்று. ஆகவே இதை உங்களிடம் வற்புறுத்திச் சொல்கிறேன். செயலிக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், நீங்கள் உரிமையாளர் என்ற தகுதியில் தொடங்கப்பட வேண்டும். நிறுவனத்துக்குப் பார்வையிடும் அனுமதியை நீங்கள் கொடுக்க வேண்டும், தலைகீழாக அல்ல. பேசும்போது இதைக் கேளுங்கள். "அதெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம் சார்" என்று பதில் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அதுபோலவே ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணும் பில்லில் அச்சாக வேண்டும். மாடியில் பொருத்திய பிறகு பின்பக்க ஸ்டிக்கரைப் படிக்கத் தரையில் படுக்க வேண்டியிருக்கும். இவை கையில் இருந்தால், நிறுவனம் மறைந்துபோனாலும் தயாரிப்பாளரின் உறுதி உங்களோடு இருக்கும்.

இப்போது மூன்று விலைகளுக்கு வருவோம். 1,62,000 என்பதாலேயே அது மட்டம் என்றோ, 2,28,000 என்பதாலேயே சர்வீஸ் கிடைக்கும் என்றோ சொல்ல முடியாது. பேனலிலும் இன்வெர்ட்டரிலும் பெரிதாகக் குறைக்க வழியில்லை. அவற்றின் விலை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றே. குறைக்கிறவர் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் குறைக்கிறார்: சட்டத்தின் கனம், கேபிளின் தரம், எர்த் குழிகளின் எண்ணிக்கை, மின்னல் எழுச்சியைத் தாங்கும் பாதுகாப்புக் கருவிகள். ஆகவே பட்டியலில் "நல்ல தரமான கம்பெனி கேபிள்", "அல்லது அதற்கு இணையான தயாரிப்பு" போன்ற சொற்கள் வரும் இடங்களையெல்லாம் பேனாவால் வட்டமிட்டு, பெயரும் மாடல் எண்ணும் அளவும் எழுதித் தரச் சொல்லுங்கள். டிசி கேபிள், அதாவது பேனலிலிருந்து இன்வெர்ட்டருக்கு வரும் கேபிள், எத்தனை சதுர மில்லிமீட்டர், சட்டக் குழாயின் கனம் எத்தனை மில்லிமீட்டர், எர்த் குழி எத்தனை என்று கேட்டு அனுப்பினால், மூவரில் ஒருவராவது பதில் சொல்லாமல் விலையைக் குறைக்க முன்வருவார். அந்த நடத்தையே ஒரு பதில்தான்.

சட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் இருப்பது டெல்டாவில். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா எதையெல்லாம் பிடுங்கிப் போட்டது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காற்று பேனலை அழுத்துவதைவிடக் கீழிருந்து தூக்குவதே அதிகம்; மாடியில் துணி காயப்போட வசதியாக எட்டடி உயரத்தில் சட்டம் போடச் சொல்லும் வீடுகளில் இந்தப் பிரச்சினை கூடும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்து, 80 மைக்ரான் பூச்சோடு வரும் சட்டத்தைப் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். மலிவாகச் செய்பவர்கள் துத்தநாகம் மெலிதாகப் பூசிய சாதாரண ஜிஐ குழாயை வாங்கி வந்து மாடியிலேயே வெல்டிங் வைத்து, மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். வெல்டிங் பட்ட இடத்தில் துத்தநாகம் எரிந்துபோய்விடும். இரண்டு மழைக்காலம் கழித்து அந்தப் பெயின்டுக்கு அடியிலிருந்து துரு வழிந்து தட்டோட்டில் பழுப்புக் கோடு போடும். உங்களுக்கு விலை கொடுத்தவர் முன்பு செய்த வீட்டுக்குப் போனால் முதலில் இந்தக் கோட்டைத் தேடுங்கள். சட்டத்தின் காலை எப்படி நிறுத்துவார் என்றும் கேளுங்கள். தட்டோட்டைத் துளைத்து நேரே போல்ட் இறக்குகிறவரிடம், ஒழுகினால் யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்காமல் வேலையைத் தொடங்க விடாதீர்கள். கான்கிரீட் பீடம் கட்டி அதில் நிறுத்துவதைத்தான் நான் விரும்புவேன்.

எர்த் விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால் போதும்: இடிதாங்கிக்கு ஒன்று, டிசி பக்கத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்குப் போகும் ஏசி பக்கத்துக்கு ஒன்று என மூன்று தனிக் குழிகள். வீட்டில் ஏற்கெனவே உள்ள எர்த்தில் இடிதாங்கியைச் சேர்த்துவிடுகிறேன் என்பவரை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சர்வீஸைச் சோதிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, வாங்குவதற்கு முன்பே அதைப் பயன்படுத்திப் பார்ப்பது. விற்பனையாளரின் எண் வேண்டாம். பழுது வந்தால் கூப்பிட வேண்டிய எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒரு சனிக்கிழமை மாலையும் ஒரு திங்கட்கிழமை காலையும் அதற்குக் கூப்பிடுங்கள். யார் எடுக்கிறார், எடுத்தவருக்கு இன்வெர்ட்டரைப் பற்றி ஏதாவது தெரியுமா, இல்லை விற்பனையாளருக்கே திருப்பிவிடுகிறாரா என்று பாருங்கள். பிறகு மூன்று கேள்விகள். மாடி ஏறும் ஆள்கள் உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்களா, வேலைக்கு வேலை கூலி பேசும் குழுவா? இன்வெர்ட்டர் பழுதானால் தயாரிப்பாளரின் சர்வீஸ் மையம் எந்த ஊரில், பழுது சரியாகும் வரை மாற்று இன்வெர்ட்டர் கிடைக்குமா? கடைசியாக வந்த புகார் எது, எத்தனை நாளில் முடித்தீர்கள்? மூன்றாவது கேள்விக்கு "எங்களுக்குப் புகாரே வருவதில்லை" என்பவரை நான் நம்ப மாட்டேன். ஐம்பது வீடு செய்தவருக்குப் புகார் வராமல் இருக்காது. "போன வாரம் சுவாமிமலையில் எலி கேபிளைக் கடித்துவிட்டது, மூன்று நாள் ஆகிவிட்டது" என்பவர் உண்மையில் போய்ப் பார்க்கிறவர்.

விற்கும்போதே நேர்மையை அளக்க இன்னும் சில இடங்கள் உண்டு. இபி கரன்ட் போனால் ஆன்கிரிட் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகக் கட்டாயமாக வைத்த பாதுகாப்பு அது. நீங்கள் கேட்காமலேயே இதைச் சொன்னவர் யார்? கிலோவாட்டுக்கு ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு யூனிட் என்பதே நம் ஊர்க் கணக்கு. மாசி, பங்குனியில் அதைத் தாண்டும். வடகிழக்குப் பருவமழையில் மூடிய வானம் என்றால் பாதிகூட வராது. 3 கிலோவாட்டுக்கு நாளுக்கு பதினைந்து யூனிட் "கண்டிப்பாக" என்றவர் யார்? உங்கள் பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் பிற்பகலில் எங்கே விழும் என்று மாடியில் நின்று பார்த்தவர் யார், கீழே காரில் இருந்தபடியே விலை சொன்னவர் யார்?

ஊர்ப்புறங்களில் அடிக்கடி வரும் ஒரு தகராறையும் இங்கே சேர்க்க வேண்டும். சில வீடுகளில் நண்பகலில் மின்னழுத்தம் ஏறும். 230 வோல்ட்டின் 110 சதவீதமான 253 வோல்ட்டைத் தாண்டினால் இன்வெர்ட்டர் தானாகத் துண்டித்துக்கொள்ளும். வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில் உற்பத்தி நின்று நின்று வரும். நிறுவனம் இபி மீது பழி போடும், இபி ஊழியர் இன்வெர்ட்டர் மீது போடுவார், நீங்கள் நடுவில் நிற்பீர்கள். நல்லவர் விலை சொல்ல வரும்போதே மீட்டரை வைத்து உங்கள் வீட்டு வோல்ட்டைப் பார்ப்பார். பிரச்சினை இருந்தால் பிரிவு அலுவலகத்தில் என்ன மனு கொடுக்க வேண்டும் என்று சொல்வார். இதை முன்கூட்டியே செய்கிற நிறுவனங்கள் மிகக் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். செய்யாதவரை அதற்காகவே தள்ளிவிட வேண்டாம்.

பழைய வாடிக்கையாளரைப் பார்க்காமல் முடிவு எடுக்காதீர்கள். நிறுவனம் தரும் மூன்று பெயர்கள் தேர்ந்தெடுத்த பெயர்களாகத்தான் இருக்கும். அதனால் "மூன்று வருடத்துக்கு முன்பு செய்த, இந்தத் தாலுகாவுக்குள் இருக்கும் வீடு" என்று நீங்கள் நிபந்தனை வையுங்கள். அங்கே போய் "திருப்தியா" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். செலவு செய்தவர் யாரும் சட்டென்று இல்லை என்று சொல்வதில்லை. அதற்குப் பதிலாக, கடைசியாக எப்போது ஆள் வந்தார், எதற்கு வந்தார், எத்தனை முறை கூப்பிட வேண்டியிருந்தது என்று கேளுங்கள். செயலியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அவரால் திறக்க முடிகிறதா என்பதே பாதி விடை. உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் யாரையும் பரிந்துரைக்க மாட்டார்கள், பரிந்துரைக்கவும் கூடாது. ஆனால் இபியிலிருந்து வருவதையும் நீங்கள் இபிக்குக் கொடுப்பதையும் கணக்கிடும் நெட் மீட்டருக்கான விண்ணப்பங்கள் எல்லாம் அவர்கள் மேசை வழியாகத்தான் போகின்றன. எந்த நிறுவனத்தின் விண்ணப்பம் காகிதக் குறையால் திரும்பத் திரும்பத் தங்குகிறது என்று ஒரு பேச்சுவாக்கில் தெரிந்துகொள்ளலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, பொருள் இறங்குவதற்கு முன் பெரும்பங்கைக் கேட்பது இத்துறையின் வழக்கம். பேனலுக்கு அவர்களும் முன்பணம் கட்டித்தான் எடுக்கிறார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடைசிப் பத்து சதவீதத்தையாவது நெட் மீட்டர் பொருத்தி, மானியக் கோரிக்கை பதிவாகி, ஆவணங்கள் கைக்கு வரும் வரை நிறுத்திவையுங்கள். வங்கிக் கடன் என்றால் பணம் பெரும்பாலும் நேரடியாக நிறுவனத்துக்கே போகும். எந்தக் கட்டத்தில் எவ்வளவு விடுவிக்கப்படும் என்று மேலாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்தப் பிடி உங்கள் கையில் இருக்காது. மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அதைத் தாங்களே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி உங்கள் வங்கி விவரங்களில் கைவைப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஒப்பந்தத்தில் புகார் பதிவான எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், ஆண்டுக்கு எத்தனை முறை தானாகவே வந்து சோதிப்பார், அந்தச் சோதனையில் என்னென்ன அளப்பார் என்ற மூன்றும் இருக்க வேண்டும். பேனல் கழுவுவதைத்தான் பலர் சர்வீஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது நீங்களே காலை வெயில் ஏறுமுன் செய்துகொள்ளக் கூடியது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மட்டும் வேண்டாம், வெள்ளைத் திட்டு படிந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் வராமல் போனால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்குக் கட்டணம் இல்லை. நான் வழக்கறிஞன் அல்ல. நான் அளந்து எழுதிக் கொடுத்த அறிக்கையோடு இருவர் அங்கே போயிருக்கிறார்கள் என்ற அளவுக்குத்தான் எனக்குப் பழக்கம். அவர்கள் இருவருக்கும் கை கொடுத்தது ஒப்பந்தத்தில் எழுதியிருந்த நாள் கணக்கும், வாட்ஸ்அப்பில் தேதியோடு அனுப்பிய புகார்களும்தான். போனில் மட்டும் பேசியதற்குச் சாட்சி இல்லை.

எந்தச் சோதனையாலும் முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியாதது ஒன்று இருக்கிறது: நல்ல நோக்கத்தோடு தொழில் செய்கிறவரின் தொழிலே நொடித்துப்போவது. நான் முதலில் வேலை பார்த்த நிறுவனம் அப்படித்தான் மூடியது. வேலையில் குறை வைத்ததில்லை. பெரிய ஆர்டர் ஒன்றில் வர வேண்டிய பணம் வராமல் போயிற்று. அன்றைக்கு எங்களிடம் வாங்கியிருந்தவர்களில், காகிதங்களைக் கையில் வைத்திருந்தவர்கள் தயாரிப்பாளரிடம் நேரே போய்ச் சமாளித்தார்கள். மற்றவர்கள் இன்னமும் எனக்குத்தான் போன் செய்கிறார்கள்.

உங்கள் மூன்று பட்டியலையும் நான் நேரில் பார்க்கவில்லை. எழுதியிருப்பதை வைத்து மட்டும் சொல்கிறேன். நானாக இருந்தால் முதலில் உள்ளூர்க் கடைக்காரரிடம் போவேன். ஆறு ஆண்டு இதே ஊரில் இருக்கிறார், கடை பூட்டியிருந்தால் பஸ்ஸில் போகும்போதே தெரிந்துவிடும் என்பது சிறிய விஷயம் அல்ல. அவரிடம் 2022 அல்லது அதற்கு முன் செய்த இரண்டு வீடுகளைக் கேளுங்கள். சட்டமும் எர்த்தும் மாடல் எண்களும் எழுத்தில் வாங்குங்கள். அவர் அதற்குத் தயங்கினால், பெரிய நிறுவனத்தின் டீலரிடம் ஒரே ஒரு கேள்வி: டீலர்ஷிப் கைமாறினால் வேலைக்கான உறுதியைத் தலைமை நிறுவனம் ஏற்குமா, அதை அவர்களுடைய கடிதத் தாளில் தருவார்களா? கிடைத்தால் கூடுதலாகக் கேட்கும் 33,000 ரூபாய்க்கு ஒரு பொருள் இருக்கிறது. சென்னை நிறுவனத்தை, கும்பகோணத்தில் அவர்களுடைய சம்பளத்தில் இருக்கும் ஒரு டெக்னீஷியனின் பெயரைச் சொன்னால் மட்டும் பட்டியலில் வையுங்கள். மூவரின் பதில்களும் வந்த பிறகு, விலைப்பட்டியல்களில் உள்ள மாடல் எண்களை இதே இடத்தில் போடுங்கள். இன்வெர்ட்டருக்கும் பேனல் எண்ணிக்கைக்கும் பொருத்தம் சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.